ப்ளூ ஃப்ரண்ட் கஃபே: பென்டோனியாவில் ஒரு சுருதி பிழைத்திருக்கும் விதம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி பென்டோனியா என்றொரு சிற்றூர் இருக்கிறது. சில நூறு பேரே வாழும் ஊர். தண்டவாளத்தைப் பார்த்தபடி சிமெண்ட் கல் வைத்துக் கட்டிய ஒரு தாழ்வான கட்டடத்தில் 1948 முதல் ப்ளூ ஃப்ரண்ட் கஃபே நடந்து வருகிறது. கேரி ஹோம்ஸ், மேரி ஹோம்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் தொடங்கிய கடை அது. அவர்களுடைய மகன் ஜிம்மி ஹோம்ஸ், ஊராரும் ரசிகர்களும் "டக்" என்று செல்லமாக அழைக்கும் அந்த மனிதர், 1970இல் கடைப் பொறுப்பை ஏற்றார். மிசிசிப்பியில் இன்றும் இயங்கும் ஜூக் ஜாயிண்ட்களில், அதாவது கறுப்பின மக்கள் கூடிக் குடித்து ஆடிப் பாடும் இடங்களில், மிகப் பழையது இதுவே என்று பலரும் குறிப்பிடுகிறார்கள்.

டெல்டாப் பகுதியில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த இத்தகைய இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட நிலையில் இது மட்டும் எப்படி நிலைத்தது, அது நிலைத்ததால் எந்த இசை பிழைத்தது, இனி அதற்கு என்ன ஆபத்து என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு கடையின் வரலாற்றை இவ்வளவு நுணுகிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசைமரபில் வந்த பாடல்கள் இசைத்தட்டுகளில் பத்திரமாக இருக்கின்றன. யாரும் எந்த நேரத்திலும் கேட்கலாம். அப்படியிருந்தும் "ப்ளூஸ் அழிகிறது" என்று அந்த மண்ணின் கலைஞர்கள் கவலைப்படுகிறார்கள் என்றால், தட்டில் ஏறாத ஏதோ ஒன்றைப் பற்றித்தான் அவர்கள் பேசுகிறார்கள். அது என்ன என்பதை பென்டோனியாவைப் போல வேறெந்த ஊரும் தெளிவாகக் காட்டவில்லை என்பது என் கணிப்பு.

சமவெளியும் சனிக்கிழமை இரவும்

டெல்டா என்றவுடன் நமக்குக் காவிரி கடலில் கலக்கும் பூமிதான் நினைவுக்கு வரும். மிசிசிப்பி டெல்டா கடலைத் தொடுவதில்லை. மிசிசிப்பி, யாசூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, வடக்கே மெம்ஃபிஸ் நகரம் தொடங்கித் தெற்கே விக்ஸ்பர்க் வரை ஏறத்தாழ 200 மைல் நீளத்துக்குப் பரந்திருக்கும் வண்டல் சமவெளி அது. பென்டோனியா அந்தச் சமவெளி முடிந்து மேட்டு நிலம் தொடங்கும் ஓரத்தில் இருக்கிறது. வண்டல் மண்ணில் பருத்தி விளைந்தது. பருத்தியை விளைவித்தவர்கள், அடிமை முறை ஒழிந்த பிறகும் நிலமில்லாமல் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பங்கள். விளைச்சலில் பாதியைப் பண்ணையாருக்குக் கொடுத்து, விதைக்கும் சோற்றுக்கும் அவரிடமே கடன் வாங்கி, ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது பெரும்பாலும் பற்று வரவில் பற்றே மிஞ்சி நிற்கும் வாழ்க்கை அது.

அந்த வாழ்க்கையில் சனிக்கிழமை இரவு மட்டும் அவர்களுடையதாக இருந்தது. பண்ணைக்குள் யாரோ ஒருவர் தம் வீட்டு முன்னறையிலிருந்த கட்டிலை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, மீன் பொரித்து, கள்ளச்சாராயம் விற்று, கிடார் வாசிப்பவர் ஒருவரை மூலையில் உட்கார வைத்தால் அதுவே ஜூக் ஜாயிண்ட். மிசிசிப்பி மாநிலத்தில் மதுவிலக்கு 1966 வரை நீடித்தது. அமெரிக்க மாநிலங்களில் கடைசியாக அதைக் கைவிட்டது அதுதான். ஆகவே இந்த வீடுகளின் வருமானம் சட்டத்துக்கு வெளியிலிருந்தே வந்தது. வாசிப்பவருக்குக் குடியும் சாப்பாடும் சில காசுகளும் கிடைக்கும். ஆட வந்த கூட்டத்தின் காலடிச் சத்தத்தையும் பேச்சையும் மீறி ஒற்றைக் கிடார் கேட்டாக வேண்டும் என்பதால்தான், கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் ஓயாமல் தாளம் போட, மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பின்னும் அந்த வாசிப்பு முறை அவ்வளவு அழுத்தமாக உருவானது. அறையின் தேவை இசையின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதை மறந்துவிட்டால், அறை போன பிறகு இசைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியே நமக்குப் புரியாது.

அறைகள் போனதற்கு முதற்காரணம் ரசனை மாறியது அன்று, ஆட்கள் போனார்கள். 1944இல் கிளார்க்ஸ்டேல் நகருக்கு வெளியே ஹாப்சன் பண்ணையில் பருத்தி எடுக்கும் இயந்திரங்கள் பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டப்பட்டன. கையால் எடுத்தால் ஒரு பேல் பஞ்சுக்கு 39.41 டாலர், இயந்திரத்தால் எடுத்தால் 5.26 டாலர் என்று பண்ணையார் கணக்கு எழுதி வைத்தார். அந்த இரண்டு எண்களுக்கு இடையில் ஒரு சமூகத்தின் வேலை முழுவதும் விழுந்து போயிற்று. அதற்கு முன்பே வடக்கு நோக்கிய ரயிலில் ஏறத் தொடங்கியிருந்த மக்கள் இப்போது கூட்டம் கூட்டமாகச் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனார்கள். ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943இல் போனது அந்த அலையில்தான். கிளார்க்ஸ்டேலைத் தலைநகராகக் கொண்ட கொஹோமா மாவட்டத்தில் 1940களில் ஐம்பதாயிரத்தை நெருங்கிய மக்கள்தொகை 2020இல் ஏறத்தாழ இருபத்தோராயிரமாகக் குறைந்திருந்தது. எஞ்சியவர்களுடைய சனிக்கிழமை இரவுக்கும் போட்டி வந்தது. 1992இல் டுனிக்கா மாவட்டத்தில் சூதாட்ட விடுதிகள் திறக்கப்பட்டபோது, குளிரூட்டிய கூடமும் மலிவான சாப்பாடும் மேடைக் கச்சேரியும் ஒரே இடத்தில் கிடைத்தன. அங்கே செலவான காசு ஊர்க் கடைக்கு வரவில்லை.

ஒரு தந்தி, அரைச் சுரம்

பென்டோனியாவில் பிழைத்திருப்பது என்ன என்பதைச் சொல்ல, கிடாரைக் கையில் எடுத்தாக வேண்டும். வழக்கமான சுருதியில் கிடாரின் ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று அமைந்திருக்கும். இதில் இரண்டாவதாக இருக்கும் ஏ தந்தியை பி-க்கும், அதற்கடுத்த டி தந்தியை ஈ-க்கும் முறுக்கி ஏற்றினால், எங்கும் விரல் வைக்காமலே மீட்டும்போது ஈ, பி, ஈ, ஜி, பி, ஈ என்று ஒரு சோர்ந்த, இருண்ட ஒலி எழும். இதுதான் பென்டோனியா சுருதி. டெல்டாவின் மற்ற ஊர்களில் பெரிதும் வழங்கிய ஒரு திறந்த சுருதிக்கும் இதற்கும் ஒரே ஒரு தந்தியில்தான் வேறுபாடு: அங்கே நடுவிலிருக்கும் ஜி தந்தியையும் அரைச் சுரம் ஏற்றிவிடுவார்கள், இங்கே ஏற்றாமல் விட்டுவிடுகிறார்கள். நம் இசை அறிந்தவர்களுக்குச் சொல்வதானால், அங்கே அந்தர காந்தாரம், இங்கே சாதாரண காந்தாரம்.

இதை என் கிடாரில் வைத்துப் பார்த்தபோது முதலில் பிடிபட்டது சோகம் மட்டுமே. பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் வேறொன்று விளங்கியது. வாசிப்பவர் அந்த ஜி தந்தியை மீட்டிவிட்டு, ஒலி அடங்குவதற்குள் கிடார் கழுத்திலுள்ள முதல் கட்டையில் விரலைச் சட்டென்று தட்டுகிறார். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக ஒரு கணம் மாறுகிறது. விரலை எடுத்ததும் பழையபடி இருட்டுக்குத் திரும்புகிறது. பாட்டு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. எந்த விரல், எந்தத் தந்தி என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். எப்போது தட்ட வேண்டும், எத்தனை முறை, பாடும் குரல் எந்த இடத்தில் இருக்கும்போது என்பதை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். ப்ளூஸுக்குப் பன்னிரண்டு தாளச் சுற்று என்று புத்தகங்கள் சொல்லும் கணக்கும் இங்கே ஓடுவதில்லை. பாடகர் மூச்சு வாங்க நின்றால் சுற்று நீள்கிறது. அடுத்த அடி அவசரமாக நெஞ்சில் வந்தால் குறுகுகிறது. பக்கத்தில் மவுத் ஆர்கன் வைத்திருப்பவர் பாடகரின் தோளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தச் சுருதியை ஊருக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி ஸ்டக்கி. முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்தபோது கரீபியத் தீவுகளைச் சேர்ந்த படைவீரர்களிடம் இதைக் கேட்டுக் கற்றதாக அவர் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவரிடம் கற்றவர்களில் ஒருவர் ஸ்கிப் ஜேம்ஸ். 1931இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டன் ஊருக்குப் போய்ப் பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஜேம்ஸ் பாடிய பதினெட்டுப் பாடல்கள், பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் விற்காமல் போயின. அவர் ப்ளூஸை விட்டுத் தேவாலயப் பணிக்குத் திரும்பினார். 1964இல் இளம் ரசிகர்கள் அவரை டுனிக்காவில் ஒரு மருத்துவமனைப் படுக்கையில் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடிய அவர் 1969இல் இறந்தார். உலகம் இந்தப் பாணியை அறிந்தது அவர் வழியாகத்தான். ஆனால் ஊரில் இந்தப் பாணி தொடர்ந்தது அவரால் அன்று; அவர் பெரும்பாலும் ஊரில் இல்லை. ஸ்டக்கியின் வாசிப்போ எந்தத் தட்டிலும் வெளிவரவில்லை. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் இது எங்கே இருந்தது என்ற கேள்விதான் நம்மை மீண்டும் கஃபேயின் கதவுக்கு அழைத்து வருகிறது.

கடை என்னும் ஏற்பாடு

ப்ளூ ஃப்ரண்ட் கஃபே இசைக்காகத் தொடங்கப்பட்டதில்லை; இக்கட்டுரை சொல்ல வரும் செய்தியின் மையம் இதுவே. கேரி ஹோம்ஸ் அங்கே முடி வெட்டினார். மேரி ஹோம்ஸ் பஃபலோ என்னும் ஆற்று மீனைப் பொரித்து விற்றார். மளிகைச் சாமான்களும் சில்லறைப் பொருட்களும் கிடைத்தன. மக்காச்சோளச் சாராயமும் கிடைத்தது. பருத்திக் காலத்தில் ஊரிலிருந்த ஜின்னிங் ஆலை இரவு பகலாக ஓடும்போது, ஷிப்டு முடிந்து வருபவர்களுக்காகக் கடை இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும். இந்த வருமானத்தையும் சொந்தப் பருத்தி விளைச்சலையும் வைத்துப் பத்துப் பிள்ளைகளை அவர்கள் வளர்த்தார்கள்.

நிறவெறிச் சட்டங்களின் காலம் அது. பருத்திக் காலம் அல்லாத நாட்களில், இரவு பத்து மணிக்கு மேல் நடமாடக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டுக்குக் கடையும் உட்பட்டிருந்தது. வெள்ளையர்களுக்கு அங்கே எதையும் பரிமாறக் கூடாது. கோகோ கோலா விற்கவும் அனுமதி இல்லை. கறுப்பின மக்களுக்கு நீஹை, டபிள் கோலா போன்ற மற்றப் பானங்களே விதிக்கப்பட்டிருந்தன. ஒரு பாட்டில் சோடாவில்கூட மனிதரைப் பிரித்து வைத்த அந்த ஊரில், கறுப்பின மக்கள் யாருடைய தயவும் இன்றி உட்கார்ந்து சாப்பிடவும் சிரிக்கவும் பாடவும் ஓர் அறை இருந்தது என்பதன் மதிப்பை இன்று நாம் சரியாக எடைபோட முடியுமா என்பது எனக்கு ஐயமே. கிடாரோடு வருபவர்கள் வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை, நுழைவுச் சீட்டு இல்லை, நேரம் குறிக்கவில்லை. மீன் விற்றதால் கதவு திறந்திருந்தது. கதவு திறந்திருந்ததால் பாட்டு உள்ளே வந்தது.

இந்த வரிசை முக்கியமானது. இசையை மட்டுமே நம்பித் திறக்கும் ஓர் இடம், கூட்டம் குறைந்த முதல் ஆறு மாதத்தில் வாடகைக்குத் திணறும். முடிவெட்டும் நாற்காலியும் மீன் சட்டியும் இருந்த கடைக்கு, பாட்டு இல்லாத வாரம் நட்ட வாரமாக இல்லை. கட்டடம் குடும்பத்தின் கையில் இருந்தது. பண்ணையாரோ வங்கியோ சாவியைக் கேட்கும் நிலை வரவில்லை.

ஓவன்ஸ் கற்றுக்கொடுத்த விதம்

1904இல் பிறந்த ஜாக் ஓவன்ஸ் பென்டோனியாவைவிட்டுப் போகவே இல்லை. விவசாயம் செய்தார், சாராயம் விற்றார், வார இறுதிகளில் தம் வீட்டையே ஜூக் ஜாயிண்ட் ஆக்கினார். 1966இல் டேவிட் எவன்ஸ் என்ற ஆய்வாளர் தேடி வரும்வரை வெளியுலகத்துக்கு அவர் பெயர் தெரியாது. 1993இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. 1997இல் மறைந்தார். மவுத் ஆர்கனில் அவருக்குத் துணையாக நெடுங்காலம் வாசித்தவர் பட் ஸ்பயர்ஸ்.

சிறுவனாக இருந்தபோது ஸ்டக்கியின் வாசிப்பை அருகிலிருந்து கேட்டவர் ஜிம்மி ஹோம்ஸ். ஆனால் அவர் உருப்படியாகக் கற்றது ஓவன்ஸிடம்தான். ஓவன்ஸ் கடைக்கு வருவார், கிடாரை எடுக்கச் சொல்வார், தாம் வாசிப்பதைப் பார்க்கச் சொல்வார். சுரத்தின் பெயரோ குறிப்பேடோ பாடத்திட்டமோ கிடையாது. கை எங்கே போகிறது என்று பார்; பார்த்ததைச் செய்; தவறினால் மறுபடி பார். கடை ஹோம்ஸுடையது என்பதால் ஆசிரியரைத் தேடி மாணவர் போக வேண்டியிருக்கவில்லை; ஆசிரியர் பீர் குடிக்கவும் ஊர்க்கதை பேசவும் வரும் இடத்திலேயே மாணவர் இருந்தார். இந்தச் சந்திப்பு எத்தனை ஆண்டுகள், எத்தனை நூறு மாலைகள் நடந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். எந்த நிதியுதவித் திட்டமும் அத்தனை மாலைகளுக்குப் பணம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

ஹோம்ஸின் முதல் தொகுப்பு 2006இல்தான் வெளிவந்தது. 1947இல் பிறந்த அவருக்கு அப்போது அறுபதை எட்டும் வயது. 2019இல் பிளாக் கீஸ் ராக் குழுவைச் சேர்ந்த டான் அவர்பாக் தயாரிப்பில் வந்த இன்னொரு தொகுப்பு மரபு ப்ளூஸ் பிரிவில் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1972இல் தொடங்கிய பென்டோனியா ப்ளூஸ் விழா ஜூன் மாதத்தில் நடந்து வருகிறது. இவை அனைத்தும் பெருமைக்குரியவை. ஆயினும் இவை அந்த மாலைகளின் விளைவுகளே தவிர, அந்த மாலைகளுக்கு மாற்று ஆகமாட்டா.

மூடிய கதவுகள், கைமாறிய கதவுகள்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மெரிகோல்ட் ஊருக்கு வெளியே வயல் நடுவில் இருந்த போ மங்கீஸ் லவுஞ்சை எடுத்துக்கொள்ளலாம். 1960களின் தொடக்கத்தில் வில்லி சீபெரி என்ற பண்ணைத் தொழிலாளி, தாம் குடியிருந்த பழைய வாரக்குடிசையையே ஜூக் ஜாயிண்ட் ஆக்கினார். தகரமும் பலகையும் ஒட்டுப்போட்ட அந்தக் குடிசை, கூரையிலிருந்து தொங்கும் பொம்மைகள், சரம் சரமாக வண்ண விளக்குகள், வியாழக்கிழமை இரவுகளில் உடைமேல் உடை மாற்றி வந்து விருந்தினரை வரவேற்கும் உரிமையாளர் என்று உலகம் முழுவதும் புகைப்படங்களில் பரவிய இடம் அது. 2009இல், ப்ளூஸ் வரலாற்று இடங்களை அடையாளப்படுத்தும் மிசிசிப்பி ப்ளூஸ் தடத்தின் நினைவுப் பலகை அங்கே நடப்பட்டது. 2016 ஜூலையில் சீபெரி இறந்தார், கதவு மூடியது, மீண்டும் திறக்கவில்லை. 2018இல் உள்ளே இருந்த பொருட்கள் ஏலத்துக்குப் போயின. நிலம் பண்ணைக் குடும்பத்தினுடையது. நடத்தத் தெரிந்த வாரிசு ஒருவரும் அந்த அறையில் வளர்ந்திருக்கவில்லை. புகழுக்குக் குறைவில்லை, பார்வையாளருக்கும் குறைவில்லை. இருந்தும் ஒரு மனிதரின் மூச்சோடு எல்லாம் முடிந்தது. அங்கே கடைசிக் காலத்தில் பெரும்பாலும் ஒலிபரப்பப்பட்டது இசைத்தட்டுப் பாட்டு என்பதையும் சொல்ல வேண்டும். கூடும் இடமாக அது உயிரோடு இருந்தது. கற்கும் இடமாக அது இருக்கவில்லை.

இண்டியனோலா ஊரின் கிளப் எபனி என்னும் இசைக்கூடம் வேறு வழியில் தப்பியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கட்டப்பட்ட அந்தப் பெரிய கூடத்தை நடத்திவந்த பெண்மணி ஓய்வு பெற்றபோது, அதே ஊர் வட்டாரத்தில் வளர்ந்த புகழ்பெற்ற ப்ளூஸ் கிடார் கலைஞர் பி.பி. கிங் 2008இல் தம் பணத்தைக் கொடுத்து வாங்கினார். பின்னர் தம் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். கட்டடத்துக்கு இனி வாரிசுச் சிக்கல் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பி.பி. கிங் வாய்ப்பதில்லை என்பதால் இதை முன்மாதிரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிளார்க்ஸ்டேலில், சன்ஃபிளவர் ஆற்றங்கரையில் இருக்கும் ரெட்ஸ் லவுஞ்ச் பென்டோனியாவுக்கு அதிக நெருக்கமான உதாரணம். சிவப்பு விளக்கொளியில் மூழ்கிய அந்தத் தாழ்ந்த அறையைப் பல பத்தாண்டுகள் நடத்திய ரெட் பேடன் 2023 டிசம்பரில் காலமானார். மெரிகோல்டில் நடந்ததே இங்கும் நடக்கும் என்று ரசிகர்கள் அஞ்சினார்கள். குடும்பத்தினர் கதவை அடைக்கவில்லை. அந்த நகரில் வேறொரு பலமும் உண்டு. 1979இல் நகர நூலகம் தொடங்கிய டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் சிறுவர்களுக்குக் கிடாரும் டிரம்ஸும் கற்றுக்கொடுக்கிறது. சுற்றுவட்டாரத்தில் ஜானி பில்லிங்டன் என்ற இசைக்கலைஞர் தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே செலவிட்டார்; அவரிடம் கற்ற சிறுவர்களில் சிலர் வளர்ந்து ரெட்ஸ் லவுஞ்சில் வாசிக்கிறார்கள். 1999இல் கிளார்க்ஸ்டேலில் பிறந்து அந்த அருங்காட்சியக வகுப்பில் கற்ற கிறிஸ்டோன் "கிங்ஃபிஷ்" இங்ராம் 2022இல் கிராமி விருது பெற்றார்.

இங்ராமின் வெற்றியைச் சிலர், அது மின்கிடாரின் சமகால ப்ளூஸ்தானே, மரபு இல்லையே என்று குறைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமற்ற பேச்சு. கறுப்பினச் சிறுவன் ஒருவன் தன் ஊரிலேயே கிடார் கற்று, அதையே வாழ்வாகக் கொள்ள முடிந்தது என்பதுதான் பெரிது. ஆனால் வகுப்பறை எதைத் தரும், எதைத் தராது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். குழுவாக வாசிக்க, நேரத்துக்கு வர, மேடையில் நிற்க வகுப்பு கற்றுக்கொடுக்கிறது. ஓவன்ஸின் சுற்று நீண்டு குறுகும் அந்த விதம், குழு வாசிப்பில் முதலில் உதிரும் பகுதி. நான்கு பேர் ஒன்றாக வாசிக்கத் தாளம் ஒரே அளவில் இருந்தாக வேண்டுமே. தனி ஆள் பாட்டுக்குத் தனி ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

யார் வருகிறார்கள்

இன்று ப்ளூ ஃப்ரண்ட் கஃபேக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் வெளியூர்க்காரர்கள், வெளிநாட்டவர்கள். ஜின்னிங் ஆலையின் ஷிப்டுக்காரர்கள் போய், வாடகைக் காரில் வரும் பயணிகள் வந்திருக்கிறார்கள். வாசலில் நினைவுப் பலகையைப் படம் எடுக்கிறார்கள். உள்ளே ஹோம்ஸ் இருந்தால் அவர் கிடாரை எடுப்பார். மீன் வாங்கியவர்களின் காசில் பாட்டு நடந்த காலம் போய், பாட்டுக்காக வந்தவர்களின் காசில் கடை நடக்கும் காலம் வந்துவிட்டது. முன்பு சொன்ன வரிசை தலைகீழாகிவிட்டது. கடையின் பலமாக இருந்தது எதுவோ அது மெலிந்துவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பயணங்கள் நின்றபோது இத்தகைய இடங்களின் நிலை எவ்வளவு நொய்மையானது என்பதை எல்லோரும் கண்டார்கள்.

ஹோம்ஸிடம் கற்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்டனிலிருந்தும் கனடாவின் வான்கூவரிலிருந்தும் இசைக்கலைஞர்கள் வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தச் சுருதியைக் கற்றுத் தத்தம் தொகுப்புகளிலும் வாசித்திருக்கிறார்கள். ஓவன்ஸ் தமக்குச் சொல்லிக்கொடுத்ததைப் போலவே அவரும் கையைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார். யார், எந்த நிறம், எங்கிருந்து என்று பார்ப்பதில்லை. அந்தத் தாராள மனத்தை நான் வணங்குகிறேன். அந்த மாணவர்களின் உழைப்பும் உண்மையானது. என் கவலை வேறு. அவர்கள் விமானம் ஏறித் திரும்பிப் போக வேண்டியவர்கள். வெள்ளிக்கிழமை மாலை கடையைத் திறந்து, யார் வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்து வாசிப்பதற்கு அந்த ஊரில் வாழும் ஒருவர் தேவை. ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாத்தா காலத்துத் துயரத்தின் இசையாகத் தோன்றும் ஒன்றை அவர்கள்மேல் சுமத்த யாருக்கும் உரிமையில்லை; அவர்களுக்கு ஹிப் ஹாப் இருக்கிறது, சதர்ன் சோல் இருக்கிறது, தேவாலயப் பாட்டு இருக்கிறது. ஆனால் விரும்பி வரும் ஒரே ஒரு பிள்ளைக்காவது அந்த நாற்காலி காலியாக, கட்டணமின்றி, வாரந்தோறும் இருக்க வேண்டும்.

இதைச் செய்ய எவ்வளவு பணம் வேண்டும்? விழா மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு போதும் என்றே நான் நினைக்கிறேன். மாநிலம் முழுவதும் 2006 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட ப்ளூஸ் நினைவுப் பலகைகள் நடப்பட்டிருக்கின்றன. முதல் பலகை, டெல்டா ப்ளூஸின் முன்னோடியான சார்லி பாட்டனின் கல்லறை இருக்கும் ஹாலி ரிட்ஜில் நிற்கிறது. பலகைகள் பயணிகளைக் கொண்டுவந்தன, ஊர்களுக்குத் தம் பெருமையை நினைவூட்டின; அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். இனி நடப்படும் ஒவ்வொரு பலகைக்கும் ஈடாக, உயிரோடு இருக்கும் ஓர் அறையில் வாரத்துக்கு ஒரு மாலை உள்ளூர்க் கலைஞருக்கும் அவர் பக்கத்தில் உட்காரும் மாணவருக்கும் கூலி கொடுக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். கூலி கைக்கு வந்தால், பக்கத்து ஊர் வேலையை ஒரு மாலைக்கு விட்டுவிட்டு வர இளைஞனால் முடியும்.

கூலியோடு இன்னொரு காரியமும் உடனே நடக்க வேண்டும். கட்டடம், பெயர், உரிமம், அந்த அறையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் கிடார்களும் படங்களும் யாருக்குப் போகும், யார் கதவைத் திறப்பார் என்பதை உரிமையாளர் திடமாக இருக்கும்போதே, குடும்பத்தார் நடுவில், தாளில் எழுதி வைக்க வேண்டும். மெரிகோல்டில் அப்படி ஒரு தாள் இருந்து, நிலத்துக்காரரும் குடும்பத்தாரும் அதில் ஒப்பியிருந்தால், வியாழக்கிழமை இரவு அந்த வயல் நடுவில் விளக்கு இன்னும் எரிந்திருக்கக்கூடும். பென்டோனியாவில் ஹோம்ஸ் குடும்பம் ஒரு முறை இந்தக் கைமாற்றத்தைச் செய்து காட்டிய குடும்பம். தந்தையிடமிருந்து மகனுக்குக் கடையும், ஓவன்ஸிடமிருந்து அதே மகனுக்குச் சுருதியும் வந்தன. அடுத்த முறை கடை ஒருவருக்கும் சுருதி வேறொருவருக்கும் போகலாம். அப்படிப் போனாலும், அந்த இருவரும் ஒரே அறையில் இருக்க வழி செய்துவிட்டால் போதும். கிடாரின் ஜி தந்தியை ஏற்றாமல் விடச் சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.